வலப்பக்கத்து எலுமிச்சை

யாகப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு ஆஸ்பத்திரி நடைவழியில்.

தள்ளுவண்டியில் படுக்க வைத்து ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள். கண்ணை மூடியிருந்தார். தள்ளிக்கொண்டு போன அம்மாளிடம் சொன்னார்.

"ஏம்மா, இடப்பக்கத்து முன்சக்கரம் தரையில படல. பாத்துத் தள்ளு."

அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். படவில்லைதான்.

அவர் பேசி நான் கேட்ட கடைசி வார்த்தை அது.

அவரிடம் முதல் முறை போனது அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால். ஒரு குறையோடு போனேன்.

"மேஸ்திரி, வண்டி நேராப் போக மாட்டேங்குது."

"எந்த வண்டி?"

"ரேஸ் வண்டி."

லாரி ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். பொள்ளாச்சி ரோட்டில் அவர் பட்டறை. பாரம் ஏற்றி உட்கார்ந்துபோன லாரிகளை நிமிர்த்துவது தொழில். என்னைவிடப் பதினோரு வயது சின்னவர். இருந்தாலும் ஊரில் எல்லாருக்கும் அவர் மேஸ்திரிதான்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கார் வேலையைப் புத்தகம் பார்த்தும், கெடுத்தும் கற்றுக்கொண்டேன். ஒரு பழைய அம்பாசடரில் வேறு வண்டியின் பெரிய இன்ஜினை இறக்கியிருந்தேன். ஊருக்கு வெளியே யுத்த காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. அனுமதி வாங்கி வருஷத்துக்கு ஒரு தடவை அதில் போட்டி வைப்பார்கள். கால் மைல் தூரம். இரண்டு இரண்டு வண்டியாக விடுவார்கள். யார் முந்துகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். அவ்வளவுதான்.

யாகப்பன் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார்.

"எங்க நேராப் போகல?"

"கெளம்பும்போது. பின்பக்கம் துள்ளுது. மூக்கு வலப்பக்கம் திரும்பிருது."

"செரி."

"நாலு வழி இருக்குங்க. நான் படிச்சுப் பாத்தேன்."

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.

"ஸ்பிரிங்குல இன்னொரு பட்டை சேக்கலாம்."

"நல்லதுங்கண்ணா."

"இல்லாட்டி, கனமான ஷாக் அப்சார்பர் போடலாம்."

"அதுவும் நல்லது."

"அச்சு முறுக்கிக்காம இருக்க ரெண்டு பக்கமும் இரும்புத் தண்டு குடுக்கலாம்."

"நல்லதுதான்."

"பட்டையவே எடுத்துப்போட்டு சுருள் ஸ்பிரிங் வெக்கலாம்."

"ரொம்ப நல்லது."

"மேஸ்திரி, நாலும் நல்லதுன்னா எப்படி? எதைப் போடட்டும்?"

"யாரு ஓட்டறது?"

"நம்ம வீட்டுக்காரி."

"அவங்க எங்க?"

"வீட்ல. ரசம் வெச்சுட்டு இருப்பா."

யாகப்பன் மறுபடி பட்டைகள் பக்கம் திரும்பினார்.

"அப்ப வண்டி இன்னும் வரலீங்கண்ணா. வந்ததும் பாக்கலாம்."

வண்டி அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் சூடு கூட ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து குணவதியிடம் சொன்னேன்.

"மேஸ்திரிக்கு மண்டை கொழம்பிருச்சு. வண்டிய நிறுத்திட்டுக் கேக்கறேன். நீ வீட்ல ரசம் வெக்கறேன்னதும், வண்டி வரலைங்கறார்."

"ரசம் வெக்கறனான்னு அவரு கேட்டாரா?"

"நான்தான் சொன்னேன்."

"அதை எதுக்குங்க அவர்கிட்ட சொல்றீங்க?" என்றாள். "இன்னிக்குப் புளிக்கொழம்பு."

என் இதயத்துக்குள் ஒரு குழாய் வைத்த பிறகு, போட்டியில் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்று இருந்தேன். குணவதிதான் வேண்டாம் என்றாள்.

"நான் ஓட்டறனுங்க."

"உனக்கெதுக்கு இது?"

"இருபத்தாறு வருஷமா பம்பு செட்டு ஏத்திக்கிட்டு டெம்போ ஓட்டறேன். நாப்பதைத் தாண்டினா பின்னால இருக்கற பம்பு உருளும். ஒரே ஒரு தடவை, ஒண்ணும் உருளாம, முழுசா மிதிச்சுப் பாக்கணும்."

அவள் கேட்டது அதுதான். கோட்டிலிருந்து கோடுவரை ஒரு முழு ஓட்டம்.

அதுவரை மூன்று தடவை உட்கார்ந்திருந்தாள். மூன்று தடவையும் வண்டி பாதியில் பாதையை விட்டு இறங்கியது.

நான் யோசித்து இரும்புத் தண்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். அச்சையும் ஸ்பிரிங்கின் முன்முனையையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி, பக்கத்துக்கு ஒன்று. கனமான ஷாக் அப்சார்பரும் ஒரு ஜோடி போட்டேன். இரண்டு பக்கமும் ஒரே நீளம், ஒரே போல்ட்டு, ஒரே இறுக்கம். ரசமட்டத்தைப் பின்பக்க பம்பர்மேல் வைத்துப் பார்த்தேன். குமிழ் நட்டநடுவில் நின்றது.

ஒத்திகை நாள் வந்தது.

தண்டு வேலை செய்தது. பின்பக்கம் துள்ளவில்லை.

மூக்கு வலப்பக்கம் திரும்பியது. முன்னைவிட வேகமாகத் திரும்பியது. பாதையோரத்தில் மணல் நிரப்பி வைத்திருந்த பீப்பாய் ஒன்றை உரசிக்கொண்டு நின்றது. பீப்பாய்க்கு அந்தப் பக்கம் கல் கட்டிய வாய்க்கால்.

போட்டி நடத்துகிற நஞ்சப்பன் ஓடி வந்தார். குணவதிக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"என்னப்பா, உன்ற வண்டிக்கு வயக்காட்டு நெனப்பா?"

"செரி பண்ணிர்றேன்."

"பண்ணு. போட்டியன்னிக்கு இன்னொருக்கா ஓரத்துக் கோட்டைத் தாண்டுச்சுன்னா, பொறவு இந்த வண்டிய நான் ஏத்த மாட்டேன். ஓட்டறவங்களையும் ஏத்த மாட்டேன். வாய்க்கால்ல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

குணவதி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கையை அதற்குள் விட்டுக்கொண்டாள்.

"நீங்க உக்காந்தா கம்முனு போகுது," என்றாள். "நான் உக்காந்தா மட்டும் உங்க வண்டிக்குக் கோவம் வருது."

நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

நாலு நாள் கழித்துப் பட்டறைக்குப் போனேன்.

"மேஸ்திரி, தண்டு போட்டேன். துள்றது நின்னுச்சு. திரும்பறது நிக்கல."

"நீங்க ஓட்டும்போது திரும்புச்சா?"

"இல்ல."

"அப்ப அக்காவுக்கு ஓட்டத் தெரியல."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"மூணு நாள் எங்கூடப் பேசல."

யாகப்பன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

"இப்பப் பேசறாங்களா?"

"வண்டியப் பத்தி மட்டும்."

"எப்ப அடுத்த ஒத்திகை?"

"ஞாயித்துக்கிழம."

"பூசை முடிஞ்சு வர்றேன்."

சர்ச்சில் பூசை முடிந்து பஸ் ஏறி வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வண்டிக்கு அடியில் படுக்கவில்லை. பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றார்.

கிளம்பும் கோட்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். சிலர் நாலு வைப்பார்கள். குணவதி இரண்டு போதும் என்பாள்.

"முன்சக்கரம் சும்மா கூட வர்றதுதானுங்க. தள்றதுக்கு வெச்சாப் போதும்."

நான் பின்சக்கரங்களுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டு ஒதுங்கினேன்.

கொடி இறங்கியது. வண்டி சீறிக்கொண்டு போனது. எல்லாரும் அதன் பின்னால் கழுத்தை நீட்டினோம். நூறடிக்குள் மூக்கு வலப்பக்கம் திரும்பியது. இந்தத் தடவை குணவதி முன்னாலேயே காலை எடுத்துவிட்டாள். வண்டி பாதையோரத்தில் நின்றது.

நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். யாகப்பன் கிளம்பும் கோட்டில் குனிந்துகொண்டிருந்தார்.

"மேஸ்திரி, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படித் திரும்புச்சு பாத்தீங்களா?"

"அதைத்தான் நீங்க எல்லாரும் பாத்தீங்களே."

நிமிர்ந்து என் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். இடது கையில் ஒன்றை வைத்தார். தோலும் சாறும் ஒட்டிய சக்கை. வலது கையில் ஒன்றை வைத்தார். முழுப் பழம். தோலில் டயர்ச் சுவடு லேசாகப் பட்டிருந்தது. கொஞ்சம் தள்ளி விழுந்து கிடந்ததாம்.

"உங்களுக்கு இதுல நம்பிக்கை உண்டுங்களா?" என்று கேட்டேன். அவர் வேதக்காரர்.

"நம்பறது நீங்க. நான் பாக்கறேன்."

பதினொன்றரை பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

வீட்டில் சமையல் மேடைமேல் இரண்டையும் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். குணவதி வந்து முழுப் பழத்தை எடுத்தாள். மோந்து பார்த்தாள். கழுவினாள்.

"அதை எடுக்காதே. மேஸ்திரி குடுத்தது."

"எந்தச் சக்கரத்துது?"

"வலது."

"நான் உக்கார்ற பக்கம்."

"ஆமா."

அவள் பழத்தை மேடையில் வைத்து ஒரு விரலால் அழுத்தினாள். பிறகு என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து அழுத்தினாள். பழம் பிதுங்கியது.

"நீங்க உக்காந்தா நசுங்கியிருக்கும்," என்றாள்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்ஜின் முறுக்கும்போது வலது பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கிறது. பின் அச்சுக்குள் நானே வெல்டிங் வைத்து, இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும்படி செய்திருந்தேன். அழுத்தி நிற்கிற இடது சக்கரம் தள்ளுகிறது. வலது சக்கரம் தரையைத் தடவிக்கொண்டு வருகிறது. மூக்கு வலப்பக்கம் போகாமல் என்ன செய்யும்.

நான் ஓட்டியவரை என் எண்பத்தெட்டு கிலோ அந்தச் சக்கரத்தை அழுத்தி வைத்திருந்தது. குணவதி நாற்பத்து மூன்று கிலோ.

அந்த வண்டியை நான் எனக்காகச் செய்திருந்தேன். எனக்கே தெரியாமல்.

"கெரகத்த," என்றேன்.

"என்னைத்தான் ஓட்டத் தெரியலைன்னீங்க."

பழத்தைப் பிழிந்து சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. சுற்றுலா வேன்களுக்குப் போடுகிற ரப்பர் காற்றுப்பை ஒரு கடையில் கிடைத்தது. பின் அச்சுக்கும் பாடிக்கும் நடுவில் வைத்துக் காற்றடித்தால் அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் கீழே அழுத்தும். ஜோடியாகத்தான் விற்பேன் என்றார் கடைக்காரர். வாங்கினேன்.

வலப்பக்கத்துப் பையை வைத்துக் காற்றடித்தேன். எழுந்து பின்னால் போய் நின்று பார்த்தேன். வண்டி கோணலாக நின்றது. ரசமட்டத்தில் குமிழ் ஓரத்துக்கு ஓடிவிட்டது.

இரண்டு நாள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இடப்பக்கத்துப் பையையும் வைத்தேன். இரண்டிலும் ஒரே அளவு காற்று. குமிழ் நடுவுக்கு வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

குணவதியிடம் சொல்லவில்லை.

போட்டி அன்று காலை யாகப்பன் வந்தார். குணவதி பெல்ட்டெல்லாம் மாட்டி உட்கார்ந்திருந்தாள். எங்கள் முறைக்கு முன்னால் இன்னும் இரண்டு ஜோடி வண்டி. யாகப்பன் வண்டியடியில் தலையை நீட்டினார். வெளியே எடுத்தார்.

"இடப்பக்கமும் வெச்சிருக்கீங்க."

"ஜோடியாத்தான் குடுத்தாங்க."

வண்டிக்குள்ளிருந்து குணவதியின் தலை வெளியே வந்தது.

"ஏனுங்க, ரெண்டு பக்கமுமா வெச்சீங்க?"

நான் யாகப்பனிடம் பேசினேன்.

"ஒரு பக்கம் மட்டும் வெச்சா வண்டி கோணலா நிக்குது மேஸ்திரி."

"வண்டி நிக்கறதுக்குங்களாண்ணா?"

என் டூல் பெட்டியைத் திறந்தார். உளியை எடுத்தார். மறுபடி அடியில் போனார்.

புஸ்ஸென்று சத்தம் கேட்டது. வண்டி இடப்பக்கம் மெல்ல இறங்கியது.

"மேஸ்திரி! புதுசு! காத்தை மட்டும் எறக்கியிருக்கலாமே!"

"எறக்கியிருக்கலாம். நான் அக்கட்ட போனதும் நீங்க திரும்ப அடிச்சிருப்பீங்க."

குணவதி ஹெல்மெட்டுக்குள் சிரிப்பது கேட்டது.

சைக்கிள் பம்பை எடுத்து வலப்பக்கத்துப் பைக்குக் காற்றடித்தார். நாலு அடி அடிப்பார், நிறுத்துவார், அவளிடம் கேட்பார்.

"இப்ப எப்படி இருக்குங்கக்கா?"

"செரியா இருக்குங்க மேஸ்திரி."

இன்னும் நாலு அடி.

"இப்ப?"

"கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்ச மாதிரி."

இன்னும் நாலு.

"இப்ப?"

"சரியற மாதிரியே இருக்கு. பயமா இருக்குங்க."

"போதும்," என்று பம்பைக் கழற்றினார். "கெளம்புனா போயிரும். அதுவரைக்கும் பயப்படுங்க."

நஞ்சப்பன் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார். கோணலாக நின்ற வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னப்பா இது, ஒரு கால் ஒடிஞ்ச மாடாட்டம்?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குணவதி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க."

"என்ன?"

"திரும்புச்சுன்னா கால எடுத்துருவேன். அதுக்கு முன்னால எடுக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"செரி கண்ணு."

இரண்டு எலுமிச்சம்பழத்தை வைத்தேன். விலகினேன். யாகப்பன் என் பக்கத்தில் நின்றார்.

கொடி இறங்கியது.

ரப்பர் புகை முகத்தில் அடித்தது. நான் உடனே குனிந்தேன். இடப்பக்கம் ஒரு சக்கை. வலப்பக்கம் ஒரு சக்கை. இரண்டும் ஒன்றுபோல் தரையில் ஒட்டிக் கிடந்தன. விரலால் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"மேஸ்திரி, நசுங்கியிருக்கு. ரெண்டும் நசுங்கியிருக்கு."

"அங்க என்னண்ணா பாக்கறீங்க?" என்றார் யாகப்பன். "அக்கா அங்க போறாங்க."

நிமிர்ந்தேன்.

கால் மைல் என்பது அந்த வண்டிக்குப் பதினேழு நொடி. தூரத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தூசி மட்டும் நின்றது. தூசிக்குள் பிரேக் விளக்கு இரண்டும் எரிந்தன. பாதையின் நடுவில்.

கூட்டத்தில் கை தட்டினார்கள். கூட ஓடிய வண்டிதான் ஜெயித்திருந்தது. ஆனாலும் தட்டினார்கள்.

திரும்பி வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடி வழியாகக் கேட்டாள்.

"எப்படிப் போச்சு? நேராப் போச்சா? நீங்க பாத்தீங்கல்ல?"

"நூல் பிடிச்ச மாதிரி," என்றேன்.

யாகப்பன் நிலக்கடலையை வாயில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

அடுத்த வருஷம் அனுமதி கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் இல்லை. பிறகு யாரும் கேட்கவில்லை. குணவதி ஓடிய முழு ஓட்டம் அது ஒன்றுதான்.

அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

வண்டி ஷெட்டில் நிற்கிறது. பையில் மாதம் ஒரு தடவை காற்று குறையும். அடிப்பேன். சீட்டில் ஆள் இல்லாததால் வலது பின்பக்கம் இரண்டு விரற்கடை உயர்ந்து நிற்கிறது.